ஆகஸ்டில் கட்டி மே மாதம் வரை காத்திருப்பது: சீசன் பந்தயம் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

எம்.எஸ்ஸி. படிக்க லண்டன் வந்த என் அக்கா மகன், ஈஸ்ட் ஹாமில் ஒரு பந்தயக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, 5/4னு போட்டிருக்கே, ஏப்ரல் அஞ்சாம் தேதி மேட்ச்சா?"

சிரித்துவிட்டேன். ஆனால் இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அந்தத் தாள்களின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றவன்தான். அவன் பார்த்தது ஒரு ஆட்டத்துக்கான பந்தயம் இல்லை. இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக் கோப்பையை அந்த சீசனில் எந்த அணி வெல்லும் என்பதற்கானது. பிரிட்டனில் இதை அவுட்ரைட் என்பார்கள், குதிரைப் பந்தயத்தில் ஆன்ட்டி போஸ்ட், அமெரிக்காவில் ஃபியூச்சர்ஸ். மூன்றும் ஒரே சங்கதி: இன்று பணம் கட்டி, பல மாதம் கழித்து வரும் முடிவுக்குக் காத்திருப்பது. அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், எங்கே இருந்து படிக்கிறீர்கள் என்பது முக்கியம். நான் சொல்வதெல்லாம் பிரிட்டனில், 18 வயது நிரம்பியவர்கள், சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்களில் கட்டுவதைப் பற்றியது. இந்தியாவில் 2025ஆம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் பந்தயங்களையும் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2022இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே இருப்பவர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள், அவ்வளவுதான்.

எதன் மேல் கட்டுகிறார்கள்

பிரீமியர் லீக்கையே எடுத்துக்கொள்வோம். 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம், ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். இந்த ஒரு லீக்குக்குள்ளேயே பல கடை விரித்திருப்பார்கள். சாம்பியன் யார், முதல் நான்கு இடத்துக்குள் யார், யார் இறங்குவார்கள், அதிக கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கப்போவது யார், கிறிஸ்துமஸ் அன்று முதலிடத்தில் யார், முதலில் வேலை போகும் மேனேஜர், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர், யார் என்று பட்டியல் நீளும். ஒரு அணி ரொம்பப் பலமாக இருந்தால், "அந்த அணியைத் தவிர்த்து மற்றவர்களில் முதலாவது யார்" என்றும் ஒன்று போடுவார்கள்.

முதன்முறை பார்ப்பவர் சாம்பியன் பந்தயத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவற்றில் விதி நுணுக்கம் கூடுதல். மேனேஜர் வேலை போகும் பந்தயம் என்னைக் கேட்டால் வெறும் வதந்தி வியாபாரம். ஆட்டத்தைப் பார்த்து அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஐபிஎல் கோப்பைக்கும் இங்கே இதே மாதிரி பந்தயம் உண்டு. ஆனால் அது வேறு ஜாதி. 38 ஆட்டம் ஆடி புள்ளிக் கணக்கில் முடியும் லீக்கில் ஒரு கெட்ட நாள் பெரிதாகத் தெரியாது. ஐபிஎல்லில் பட்டியலில் முதலாவதாக வந்த அணிகூட பிளே ஆஃபில் வென்றுதான் கோப்பையைத் தொடமுடியும். ஒரு சாயங்காலத்து மழை போதும், கதை மாறிவிடும்.

விலையைப் படிப்பது

தாளில் 5/4 மாதிரி போட்டிருக்கும் எண்ணுக்குப் பெயர் ஆட்ஸ்; அதை இங்குள்ளவர்கள் பெரும்பாலும் "விலை" என்றுதான் சொல்வார்கள். "நல்ல விலை கிடைத்தது", "விலை இறங்கிவிட்டது" என்பார்கள். அந்தச் சொல்லே பாதி பாடம் சொல்லித்தருகிறது. நீங்கள் அங்கே போய் வாங்குவது ஒரு அணியை இல்லை, ஒரு விலையை. நல்ல அணியை மோசமான விலைக்கு வாங்கலாம். சுமாரான அணியை நல்ல விலைக்கும் வாங்கலாம்.

பின்ன வடிவில் மேலே இருப்பது லாபம், கீழே இருப்பது நீங்கள் கட்டுவது. 5/4 என்றால் 4 பவுண்டு கட்டினால் 5 பவுண்டு லாபம். 10 பவுண்டு கட்டினால் 12.50 லாபம், கட்டிய பத்தும் திரும்பி வருவதால் கையில் 22.50. 4/7 என்று கீழே பெரிய எண் இருந்தால், 7 கட்டி 4 லாபம் பார்க்கிறீர்கள். அந்த அணிதான் வெல்லும் என்று பலரும் நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

பின்னம் தலைசுற்றினால், செயலியின் அமைப்பில் தசம வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். 5/4 என்பது 2.25 ஆகும், கட்டிய பணத்தோடு சேர்த்துக் கிடைக்கும் மடங்கு அது. நான் தசமத்தில்தான் பார்ப்பேன், காரணம் அதில் நிகழ்தகவு உடனே வந்துவிடும். 100ஐ அந்த எண்ணால் வகுங்கள். 100 ÷ 2.25 = 44.4. அதாவது அந்த அணி நூற்றுக்கு 44 தடவை வெல்லும் என்று நீங்களும் நம்பினால்தான் இந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகும். 30 தடவைதான் வெல்லும் என்று தோன்றினால், அணி எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த விலை அநியாயம்.

கிண்டி குதிரைப் பந்தயத்தில் டோட் பார்த்துப் பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டோட்டில் எல்லோருடைய பணமும் ஒரு குடத்தில் விழுந்து, பந்தயம் மூடிய பிறகுதான் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியும். இங்கே கட்டிய நிமிடத்தில் விலை பூட்டப்பட்டுவிடுகிறது. ஆகஸ்டில் 12/1க்கு வாங்கியவருக்கு, டிசம்பரில் அது 2/1 ஆனாலும் 12/1தான். 100/1 ஆகிவிட்டாலும் அதேதான்.

இந்தப் பூட்டுக்குப் பேர்போன உதாரணம் லெஸ்டர் சிட்டி. 2014 கிறிஸ்துமஸின்போது பட்டியலின் அடியில் கிடந்த அணி, எப்படியோ தப்பி 14ஆவது இடத்தில் அந்த சீசனை முடித்தது. கிளாடியோ ரனியேரி மேனேஜராக வந்து 2015 ஆகஸ்ட் தொடங்கியபோது, லெஸ்டர் சாம்பியன் ஆகும் என்பதற்குப் பல நிறுவனங்கள் போட்டிருந்த விலை 5000/1. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அது முதலிடத்தில் இருந்தது. 2016 மே 2 அன்று செல்சியும் டாட்டனமும் 2–2 என்று டிரா செய்ததோடு லெஸ்டர் சாம்பியன். 81 புள்ளி; இரண்டாவது வந்த ஆர்சனலைவிட 10 அதிகம். ஆகஸ்டில் ஒரே ஒரு பவுண்டு கட்டி, சீட்டைக் கடைசிவரை வைத்திருந்தவருக்கு 5,001 பவுண்டு.

இதைக் கேட்டதும் என் மருமகன் கண் விரிந்தது. அவனிடம் சொன்னேன்: 5000/1 என்றால் ஐயாயிரம் சீசனில் ஒரு தடவை. இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கியதே 1888இல்தான்! அந்த எண் யாரும் கணக்குப் போட்டு வந்ததில்லை; யாரும் கட்டமாட்டார்கள், கட்டினாலும் ஆசைக்கு ஒரு பவுண்டு, ரெண்டு பவுண்டு கட்டுவார்கள் என்று ஒட்டிவைத்த எண். அந்தத் தவறு திரும்ப நடக்கும் என்று எதிர்பார்த்து ஒவ்வொரு வருஷமும் அடிமட்ட அணிகள் மேல் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். இப்போது கிடைக்கும் விலைகள் அவ்வளவு தாராளமாக இல்லை.

மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்

பலரும் தாண்டிப்போகிற படி இது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஒரு கற்பனை விலைப்பட்டியல் வைத்துக்கொள்வோம். முதல் ஆறு அணிகளின் விலை 2.25, 3.25, 6, 13, 21, 34. மீதி 14 அணிகளில் நான்கு 101, நான்கு 251, ஆறு 1001. ஒவ்வொன்றாலும் 100ஐ வகுத்துப் பாருங்கள். முதல் ஆறும் 44.4, 30.8, 16.7, 7.7, 4.8, 2.9 என்று வரும், கூட்டினால் 107.3. மீதி 14 அணிகளும் சேர்ந்து ஒரு 6.2. ஆக மொத்தம் 113.5.

சாம்பியன் ஒருவர்தான். அப்படியானால் எல்லா வாய்ப்பும் சேர்ந்து 100க்கு மேல் போக வழியே இல்லை. மேலே துருத்திக்கொண்டு நிற்கும் 13.5தான் கடைக்காரர் வைத்திருக்கும் விளிம்பு, ஓவர்ரவுண்ட் என்பார்கள். 113.50 பவுண்டு உள்ளே வந்தால் 100 வெளியே போகும் கணக்கு. உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், கட்டும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 12 பவுண்டு கட்டும்போதே போய்விட்டது.

ஒரு பெரிய அணியின் தனி ஆட்டத்துக்கு இதே கூட்டலைப் போட்டால் பெரும்பாலும் 105ஐ ஒட்டி நிற்கும். சீசன் பந்தயத்தில் விளிம்பு அதைவிடத் தடிமன். காரணம் கஷ்டமானதில்லை. அணிகள் 20, ஒவ்வொன்றின் விலையிலும் துளித்துளியாக ஒளித்துவைக்க இடம் இருக்கிறது. அதோடு பத்து மாதத்தில் என்னென்னவோ நடக்கலாம், அந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்து விலை வைக்கிறார்கள்.

ஆகவே ஒரே இடத்தில் பார்த்துவிட்டுக் கட்டாதீர்கள். அதே அணிக்கு ஒரு கடையில் 10/1, இன்னொரு கடையில் 14/1 இருப்பது சீசன் பந்தயத்தில் ரொம்ப சகஜம். கோயம்பேட்டில் தக்காளி வாங்குகிறவர் நாலு கடை விசாரிக்காமல் பையை நீட்டமாட்டார், இங்கேயும் அப்படித்தான். ரசிகர் கூட்டம் பெரிதாக உள்ள மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் போன்ற அணிகளுக்கு மனசால் கட்டுகிறவர்கள் அதிகம். அந்தப் பாசத்துக்கும் சேர்த்து விலை சுருங்கியிருக்க வாய்ப்புண்டு என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஈச் வே என்னும் ரெட்டைச் சீட்டு

கடையில் சீட்டு எழுதும்போது "ஈச் வே" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் நீங்கள் கட்டுவது ஒரு பந்தயம் இல்லை, இரண்டு. ஒன்று வெற்றிக்கு, இன்னொன்று குறிப்பிட்ட இடத்துக்குள் வருவதற்கு. 10 பவுண்டு ஈச் வே என்றால் கல்லாவில் 20 பவுண்டு கேட்பார்கள். முதல் தடவை எல்லோருமே ஒரு நொடி திகைப்பார்கள்.

இடத்துக்கான பாதிக்கு விலையில் ஒரு பங்குதான் தருவார்கள். நாலில் ஒரு பங்கு, முதல் மூன்று இடம் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை கடைக்குக் கடை மாறும். 20/1 விலையுள்ள அணி மேல் 10 பவுண்டு ஈச் வே கட்டுகிறீர்கள். அணி சாம்பியன் ஆனால் வெற்றிப் பாதிக்கு 210, இடப் பாதிக்கு 5/1 கணக்கில் 60, மொத்தம் 270. இரண்டாவதாக வந்தால் வெற்றிக்கான பத்து போய், 60 மட்டும் வரும். கட்டிய 20ஐக் கழித்தால் 40 லாபம். பரவாயில்லை.

இதையே 5/4 அணி மேல் செய்து பாருங்கள். அதில் நாலில் ஒரு பங்கு 5/16. அணி இரண்டாவதாக வந்தால் இடப் பாதிக்குக் கிடைப்பது 13 பவுண்டு 12 பென்ஸ். கட்டியதோ 20. "ஜெயித்த" பந்தயத்திலேயே கிட்டத்தட்ட ஏழு பவுண்டு நஷ்டம். ஈச் வே பெரிய விலைக்காரர்களுக்கு உரியது. முன்னணி அணிக்கு அதைக் கட்டுவது வீண்.

விதித்தாள்

நான் பட்ட பாடு ஒன்று. 2018–19 சீசனில் கோல்டன் பூட் சாடியோ மானேவுக்குத்தான் என்று ஒரு சீட்டு வைத்திருந்தேன். கடைசி நாள் மானே இரண்டு கோல் அடித்து 22ஐத் தொட்டார். வீட்டில் குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, முகமது சலாவும் 22, ஆர்சனலின் ஒபமயாங்கும் 22. மூன்று பேருக்கும் கோல்டன் பூட் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்ததோ மூன்றில் ஒரு பங்கு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக விதித்தாளை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். டெட் ஹீட் விதி.

கணக்கு இப்படி: மூன்று பேர் சமம் என்றால் நீங்கள் கட்டிய பணத்தை மூன்றாக வகுத்து, ஒரு பங்கை மட்டும் வென்றதாக எடுத்துக்கொள்வார்கள், மற்ற இரண்டும் தோற்றவை. 20/1க்கு 10 பவுண்டு கட்டியிருந்தால் 210க்குப் பதில் 70. 5/2க்குக் கட்டியிருந்தால் கையில் 11.67, லாபம் ஒன்றே முக்கால் பவுண்டுகூட இல்லை. சம விலைக்கு, அதாவது கட்டிய அளவே லாபம் தரும் 1/1க்கு, கட்டியிருந்தால் 6.67 வரும், அதாவது உங்கள் ஆள் விருது வாங்கியும் உங்களுக்கு நஷ்டம். 2021–22இலும் சலாவும் சன் ஹியூங் மின்னும் 23 கோலோடு சமமாக முடித்தார்கள். ஆக, இது அபூர்வமான சங்கதி இல்லை.

சாம்பியன் பந்தயத்தில் இந்தத் தொல்லை பொதுவாக வராது. 2011–12இல் மான்செஸ்டர் சிட்டியும் யுனைடெட்டும் 89 புள்ளியோடு சமமாக முடித்தும், கோல் வித்தியாசத்தில் சிட்டி சாம்பியன் ஆனது. பட்டியலே முடிவைச் சொல்லிவிட்டது.

புள்ளி வெட்டு என்று இன்னொன்று இருக்கிறது. 2023–24இல் நிதி விதிகளை மீறியதற்காக எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. பிறகு இன்னொரு வழக்கில் 2 புள்ளி. அதே சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4. இரண்டு அணியும் கடைசியில் தப்பித்துவிட்டன. ஆனால் இறங்கும் பந்தயம் கட்டியவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதா, விசாரணைக் குழுவின் தீர்ப்பைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்த வருஷம் அது. வெட்டப்பட்ட புள்ளியையும் கணக்கில் எடுத்துத்தான் பந்தயம் தீர்க்கப்படுமா, சீசன் முடிந்த பிறகு வரும் தீர்ப்பு செல்லுமா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

சீசனே நின்றுபோனால்? கொரோனா வந்த 2020இல் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. இங்கிலாந்தில் மார்ச்சில் நிறுத்தி ஜூனில் மறுபடி தொடங்கி, லிவர்பூல் சாம்பியன் ஆனது. பிரான்ஸில் சீசனை அப்படியே முடித்து, முதலிடத்தில் இருந்த பாரிஸ் அணியைச் சாம்பியனாக அறிவித்தார்கள். நெதர்லாந்தில் அயாக்ஸும் ஏஇசட் அணியும் 56 புள்ளியோடு சமமாக இருந்தபோது சீசனை ரத்து செய்தார்கள். சாம்பியனும் கிடையாது, கீழே இறங்கியவரும் கிடையாது. ஒரே நோய், மூன்று நாட்டில் மூன்று முடிவு. பணம் கட்டுமுன் "போட்டி பாதியில் நின்றால்" என்ற பகுதியைத் தேடிப் படிக்க ஐந்து நிமிடம் போதும்.

குதிரைக்காரர்களுக்கு ஒரு வரி: மார்ச்சில் நடக்கும் செல்ட்னம் விழாவுக்கும் ஏப்ரலில் வரும் கிராண்ட் நேஷனலுக்கும் குளிர்காலத்திலேயே ஆன்ட்டி போஸ்ட் கட்டுவார்கள். குதிரைக்குக் கால் வலி வந்து ஓடாவிட்டால் பணம் திரும்ப வராது. "ஓடாவிட்டால் பந்தயம் இல்லை" என்ற சலுகை தனியாக எழுதியிருந்தால் மட்டுமே கிடைக்கும்; அதற்குத் தகுந்த மாதிரி விலையும் குறைவாக இருக்கும்.

எவ்வளவு, எந்தப் பணத்தில்

ஆகஸ்டில் கட்டிய பணம் மே வரை உங்களுடையது இல்லை. 500 பவுண்டை வருஷத்துக்கு 4 சதவீதம் தரும் கணக்கில் போட்டிருந்தால் பத்து மாதத்தில் 16 பவுண்டு சொச்சம் வந்திருக்கும்; பந்தயச் சீட்டுக்கு வட்டி கிடையாது. ஆனால் என் மருமகனிடம் நான் வட்டிக் கணக்கைப் பேசவில்லை. வாடகை, கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு அனுப்பும் பணம், இந்த மூன்றிலிருந்தும் ஒரு பென்னிகூட எடுக்கக் கூடாது என்றேன். ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு ஒரு சீட்டு, அதுவும் போனால் போகட்டும் என்று நினைக்க முடிந்தால்.

பிரிட்டனில் 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட முடியாது. கணக்குத் தொடங்கும்போதே மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளுங்கள். கை அடங்கவில்லை என்று தோன்றினால் கேம்ஸ்டாப் என்ற இலவசப் பதிவு இருக்கிறது. ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் காலத்துக்கு, இங்கே உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் உங்களை உள்ளே விடாது. சீசன் பந்தயம் மெதுவானது என்பதால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சீட்டு மெதுவானதுதான், செயலி அப்படி இல்லை. சீட்டைப் பார்க்கத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் அரை மணியில் தொடங்கும் ஆட்டம் ஒன்றைக் காட்டும்.

இன்னொன்று. இரண்டு சீசன் பந்தயங்களைப் பெருக்கி ஒரே சீட்டாகக் கட்டலாமே என்று தோன்றும். 2022–23இல் எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்துச் சாதனை செய்தார். அவர் அணி சிட்டியும் சாம்பியன் ஆனது. ஒன்று நடந்தால் மற்றதும் நடக்க வாய்ப்பு கூடும் என்பதால் இப்படிப்பட்ட ஜோடியைச் சாதாரணமாகப் பெருக்க விடமாட்டார்கள்; தனியாக ஒரு சின்ன விலை சொல்வார்கள்.

சீசன் நடக்கும்போது

கட்டியாயிற்று. இனி விலை வாரத்துக்கு வாரம் ஆடும். அணி நன்றாக ஆடினால் செயலியில் "கேஷ் அவுட்" என்று ஒரு பொத்தான் மின்னும். இப்போதே இவ்வளவு தருகிறோம், சீட்டைக் கொடுத்துவிடுங்கள் என்பது அதன் பொருள். லெஸ்டர் மேல் 50 பவுண்டு கட்டிய ஒருவர் சீசன் முடியுமுன்னே சுமார் 72,000 பவுண்டுக்குச் சீட்டை விற்றது அப்போது செய்தியானது. கடைசிவரை வைத்திருந்தால் இரண்டரை லட்சம். அவரை முட்டாள் என்று பேசியவர்களைப் பார்த்தேன். 72,000 பவுண்டு கண் முன்னால் இருக்கும்போது எட்டாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்?

அதற்கு மறுபக்கமும் உண்டு. 2022–23இல் ஆர்சனல் 248 நாள் முதலிடத்தில் இருந்தது. ஏப்ரலில் லிவர்பூலிடமும் வெஸ்ட் ஹாமிடமும் 2–0 என்று முன்னிலை பெற்று டிரா விட்டது, சவுத்தாம்ப்டனோடு 3–3, பிறகு சிட்டியிடம் 4–1 தோல்வி. கடைசியில் சிட்டி 89, ஆர்சனல் 84. பொத்தானை அழுத்தாமல் இருந்தவர்கள் கையில் வெறும் காகிதம்.

விற்கலாமா என்று யோசிக்கும்போது கணக்குப் போடுங்கள். 12/1க்கு 20 பவுண்டு கட்டியிருக்கிறீர்கள். வென்றால் 260 வரும். ஏப்ரலில் போட்டி இரண்டே அணிக்குள் சுருங்கிவிட்டது. உங்கள் அணியின் இன்றைய விலை 2.50, எதிரணியின் விலை 4/7. 260ஐ 2.50ஆல் வகுத்தால் 104. கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, உதாரணத்துக்கு, 90 தருகிறேன் என்கிறார். கட்டிய 20 போக 70 லாபம்.

இன்னொரு வழி, எதிரணி மேல் நீங்களே கட்டுவது. 4/7 விலையில் 165.45 பவுண்டு கட்டினால் அந்தப் பக்கமும் 260 வரும். யார் வென்றாலும் 260. மொத்தம் போட்டது 185.45, லாபம் 74.55. கேஷ் அவுட்டைவிட நாலரை பவுண்டு கூடுதல், ஆனால் கையில் 165 பவுண்டு வேண்டும். தவிர, மூன்றாவது அணி ஒன்று எங்கிருந்தோ முந்திவந்துவிட்டால் 185ம் போச்சு. நாலரை பவுண்டுக்கு இந்தத் தலைவலி தேவையா என்பது உங்கள் பாடு. நானாக இருந்தால் பாதிச் சீட்டை விற்றுவிட்டு மீதியை வைத்திருப்பேன். பல நிறுவனங்கள் அப்படிப் பாதி விற்கவும் விடுகின்றன. 2000இல் வந்த பெட்ஃபேர் போன்ற சந்தைகளில் "இந்த அணி வெல்லாது" என்றும் கட்டலாம். அங்கே எதிரில் நிற்பது கடைக்காரர் இல்லை, உங்களை மாதிரி இன்னொருவர். நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். முதல் சீசனில் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கடைசி ஞாயிறு

மே மாதத்தில் வரும் சீசனின் கடைசி ஞாயிறன்று பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒரு அணி இன்னொன்றின் முடிவைப் பார்த்து ஆடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் கட்டியிருந்தால் முடிவு உறுதியானதும் பணம் கணக்கில் வரும். கடையில் கட்டியிருந்தால் சீட்டு வேண்டும். அந்த வெப்பத்தாள் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். கட்டிய அன்றே போனில் படம் எடுத்துவையுங்கள், சீட்டை வெயில் படாத இடத்தில் வையுங்கள். சலவைக்குப் போட்ட சட்டைப் பையிலிருந்து கஞ்சியாக ஒரு சீட்டை எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

கணக்கில் தகராறு என்றால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் தீரவில்லை என்றாலோ, அவர்கள் சொல்லும் இறுதிப் பதில் சரியில்லை என்றாலோ, அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் நடுவர் அமைப்பிடம் போகலாம். பலருக்கு அது ஐபாஸ் என்ற அமைப்பு. அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே போகுமுன் அந்த விதித்தாளை இன்னொரு தரம் படித்துவிட்டுப் போங்கள்.

என் மருமகன் கடைசியில் ஐந்து பவுண்டு கட்டினான். எந்த அணி என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறான். விலை எவ்வளவு, எத்தனை கடையில் பார்த்தாய் என்று கேட்டேன். "மூணு கடை மாமா" என்றான். சீட்டின் படம் அவன் அம்மாவுக்கும் வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது; அக்கா என்னிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை.